கடலுக்கடியில் சிக்னல் கிடைக்குமா? வேகத்தைவிட நம்பகத்தன்மைதான் முக்கியம்!

லிஃப்டுக்குள் போனாலே போனில் சிக்னல் கட் ஆகிவிடுகிறது. 6,000 மீட்டர் ஆழத்தில் என்ன ஆகும்? சென்னையிலுள்ள தேசிய கடல்சார் தொழில்நுட்ப நிறுவனம் உருவாக்கிவரும் ‘மத்ஸ்யா 6000’ நீர்மூழ்கி, 3 பேரை அந்த ஆழத்துக்கு அனுப்பத்தான் திட்டமிடப்பட்டுள்ளது. ஆகவே இந்தக் கேள்வி நமக்கும் ரொம்ப நெருக்கமானது.

வைஃபை ஏன் வேலை செய்யாது?

வைஃபை, மொபைல் டவர் எல்லாமே ரேடியோ அலைதான். உப்புநீர் அதைச் சீக்கிரமே உறிஞ்சிவிடும். எனவே கடலுக்கடியில் இப்போது கைகொடுப்பது ஒலி. அது பல கிலோமீட்டர் போகும். ஆனால் வேகம் நொடிக்கு சுமார் 1,500 மீட்டர்தான். 6,000 மீட்டர் ஆழத்திலிருந்து ஒரு ‘ஹலோ’ மேலே வர 4 நொடி, பதில் கீழே போக இன்னொரு 4 நொடி. தெளிவான வீடியோ அனுப்புவது ரொம்பவே கஷ்டம்.

ஒளி வந்தால்?

நீல, பச்சை நிற ஒளி மட்டும் கடல்நீரில் ஓரளவு தூரம் ஊடுருவும். அமெரிக்காவின் உட்ஸ் ஹோல் கடலியல் நிறுவனம் 2010-ல் அறிவித்த ஒளி மோடம், சுமார் 100 மீட்டர் தூரத்துக்கு நொடிக்கு 10 முதல் 20 மெகாபிட் வரை அனுப்பக்கூடியது.

சிக்கல் எங்கே?

தண்ணீர் எல்லா இடத்திலும் ஒன்றல்ல. தெளிந்த ஆழ்கடலில் 10 மீட்டர் தாண்டிய பிறகும் ஒளிக்கதிரில் ஏறக்குறைய 22% மிஞ்சும். கடலோர நீரில் சுமார் 2%தான். கலங்கிய துறைமுகத்தில் கிட்டத்தட்ட பூஜ்யம். இதோடு காற்றுக்குமிழி, நீரோட்டம், ரோபோவின் சின்ன ஆட்டம் என எது குறுக்கிட்டாலும் இணைப்பு அறுந்துவிடும்.

தீர்வு இருக்கா?

இருக்கு. குறுகிய லேசருக்குப் பதில் விரிந்த எல்இடி ஒளி, ஒன்றுக்குப் பல ரிசீவர்கள், தவறிய தகவலை மீட்கும் பிழைதிருத்தக் குறியீடு, நீர் கலங்கினால் தானாகவே வேகத்தைக் குறைப்பது எனப் பல வழிகள் உண்டு. ஒளி அறுந்தால் உடனே ஒலிக்கு மாறும் கலப்பு முறை இன்னும் பாதுகாப்பானது. வேகம் வெகுவாகக் குறையும். ஆனால் தொடர்பு அறுபடாது.

ஆய்வகத் தொட்டியின் சுத்தமான நீரில் வேக சாதனை படைப்பது நல்ல செய்திதான். ஆனால் கோதாவரியும் கிருஷ்ணாவும் வண்டல் கொண்டுவந்து கொட்டும் வங்கக்கடல், தொட்டி அல்ல. ‘எவ்வளவு வேகம்?’ என்பதோடு ‘மழைக்காலக் கலங்கலில் எத்தனை மணி நேரம் அறுபடாமல் இருந்தது?’ என்றும் கேட்டுத்தான் இந்த ஆய்வுகளுக்கு நிதி ஒதுக்க வேண்டும். ஆழத்தில் இருப்பவருக்கு முதலில் தேவை 4கே வீடியோ அல்ல. கூப்பிட்டால் பதில் வரும் என்கிற உத்தரவாதம்.