உத்தியோகமும் மனச்சாட்சியும்

சென்னையின் வடபாகத்தில் ராயபுரம் என்னும் பேட்டை இருக்கிறது. அர்ச். இராயப்பர் பெயரால் விளங்கும் தேவாலயமும், 1910-இல் எழுந்த பார்ஸிகளின் அக்கினி ஆலயமும், ஹிந்துக் கோயில்களும், பள்ளிவாசல்களும் அப்பேட்டையில் உள்ளன. அங்குள்ள சர்க்கார் பிரசவ ஆஸ்பத்திரிக்கு நள்ளிரவில் வலியோடு வரும் ஸ்திரீ, தன்னைக் கவனிக்கப்போகும் நர்ஸின் மதம் யாதென்று விசாரிப்பதில்லை. நர்ஸும் அவளுடைய மதத்தைக் கேட்பதற்கில்லை. சர்க்கார் உத்தியோகம் என்பதன் தாத்பரியம் இதுவே.

ஆயின், உத்தியோகத்தில் அமர்ந்தவர் தம் மதத்தை அறவே துறந்துவிட வேண்டுமா? 2024 ஜூலையில் சென்னை ஹைக்கோர்ட்டின் மதுரைக் கிளை அளித்த தீர்ப்பு இங்கே கவனிக்கத்தக்கது. மக்கா யாத்திரை சென்று திரும்பிய முஸ்லிம் போலீஸ்காரர் ஒருவர் தாடி வைத்திருந்தது குற்றமாகக் கொள்ளப்பட்டு, அவருடைய சம்பள உயர்வு நிறுத்தப்பட்டது. நீதிபதி விக்டோரியா கௌரி அத்தண்டனையை ரத்து செய்தார். முஸ்லிம் போலீஸார் வேலை நேரத்திலும் தாடி வைத்துக்கொள்ள 1957-ஆம் வருஷத்து மெட்ராஸ் போலீஸ் கெஜட் இடந்தந்திருப்பதை அவர் எடுத்துக் காட்டினார்.

மதம் சட்டத்தை வென்றுவிட்டதாக இதனைச் சிலர் கருதக்கூடும். அது பிழை. அங்கே வென்றது சட்டமே. விதியைக் கவனியாது விட்டது மேலதிகாரம், ஊழியர் அல்லர். 2016 டிஸம்பரில் விமானப்படையைச் சேர்ந்த முஸ்லிம் ஊழியர் ஒருவர் இதே கோரிக்கையுடன் சுப்ரீம் கோர்ட்டை அடைந்தபோது தோல்வியுற்றார். மயிர் களைதலை மதமே விலக்கியுள்ள வகுப்பாருக்கன்றிப் பிறருக்கு அப்படையின் விதி இடந்தரவில்லை என்பதே காரணம். இரு தீர்ப்புகளும் முரண்பட்டவை அல்ல.

தாடி ஒருவருடைய தேகத்தோடு நிற்பது. அதனால் எந்தப் பிரஜைக்கும் நஷ்டமில்லை. கடமையையே செய்ய மறுப்பது வேறு விஷயம். 2015-இல் அமெரிக்காவின் கென்டக்கி மாகாணத்தில் கிம் டேவிஸ் என்னும் அதிகாரி, ஒரே பாலினத்தார்க்கு விவாக லைசென்ஸ் அளிப்பது தம் மதத்திற்கு விரோதம் என்று மறுத்தார். கோர்ட்டு உத்தரவையும் மீறியதால் சிறை சென்றார். அவருடைய நம்பிக்கை உண்மையானதாகவே இருக்கலாம். ஆயினும், சட்டம் அளித்த உரிமையை நாடி வந்த பிரஜை அந்நம்பிக்கைக்காக வெறுங்கையுடன் திரும்புவது என்ன நியாயம்?

படையின் நிலை தனி. சீக்கிய வீரர்களின் பிரிவில் இருந்த கிறிஸ்தவ அதிகாரி ஒருவர், படையின் வழிபாட்டு ஸ்தலத்துக் கருவறையுள் நுழைய மறுத்தமையால் பதவி நீக்கப்பட்டதை 2025 நவம்பரில் சுப்ரீம் கோர்ட்டு உறுதி செய்தது. படைகளுக்கும் போலீஸுக்கும் அடிப்படை உரிமைகளைச் சுருக்க அரசியல் சட்டத்தின் 33-ஆவது ஷரத்து பார்லிமெண்டுக்கு அதிகாரம் தருகிறது. ஆனால் இதையே முன்மாதிரியாகக் கொண்டு குமாஸ்தாவையும் ஆசிரியரையும் வழிபாட்டுக்கு அழைத்து நிர்ப்பந்திக்க எவரேனும் முற்படுவாராயின், அதை நாம் ஒப்ப முடியாது.

சர்க்காருக்கும் ஒரு வார்த்தை. தலைப்பாகையும், நெற்றிக் குறியும், தாடியும் பற்றிப் பிறப்பித்த யோசனையற்ற கட்டளைகள் 1806-இல் வேலூர்க் கோட்டையில் என்ன விளைத்தன என்பதைச் சரித்திரம் அறியும். கட்டளையிடுவோர், அது வேலைக்கு அவசியந்தானா என்று முதலில் ஆராய வேண்டும்.

ஊழியர்க்கும் நாம் சொல்வது இதுவே. மனச்சாட்சி தடுக்கும் வேலை ஏதேனும் இருப்பின் அதை முன்கூட்டியே தெரிவித்து மாற்று ஏற்பாடு கோருக. பிரஜை வந்து நிற்கும்போது கதவை அடைக்காதீர். மாற்று ஏற்பாடு இயலாதாயின், கடமையைச் செய்வதும் பதவியைத் துறப்பதுமே நேர்மையான வழிகள். பதவியை வைத்துக்கொண்டு கடமையை மறுப்பது தர்மமாகாது. அவசியமின்றி ஊழியரின் மதத்தில் கைவைப்பதும் தர்மமாகாது.