ஒப்பிடுறதுக்கு முன்னாடி விதியைச் சொல்லுங்க!



"அவளைப் பாரு, உன்னைப் பாரு." இந்தப் பேச்சைக் கேட்காத பிள்ளை நம்ம பள்ளியில் உண்டா? வீட்டில் அண்ணனோட ஒப்பிடுறாங்க. வகுப்பில் முதல் மார்க்கோட ஒப்பிடுறாங்க. ஒப்பிடுவதே தப்பு என்று நான் சொல்ல வரவில்லை. ஒழுங்கா ஒப்பிடணும் என்றுதான் சொல்கிறேன். அதைக் கற்றுத்தர ஒரு கம்ப்யூட்டர் மொழியே இருக்கிறது. அதன் பெயர் புரோலாக். 1972-ல் பிரான்ஸ் நாட்டின் மார்செய் நகரில் அலென் கோல்மரோ, பிலிப் ரூசெல் என்ற இருவர் உருவாக்கியது.

இதில் முதலில் நமக்குத் தெரிந்த உண்மைகளை எழுத வேண்டும். ஒவ்வொன்றின் முடிவிலும் முற்றுப்புள்ளி கட்டாயம்.

உயரம்(ஆனைமுடி, 2695).
உயரம்(தொட்டபெட்டா, 2637).

அளவு மீட்டரில். அடுத்து, ஒப்பிடும் விதி:

உயர்ந்தது(_மலை1, _மலை2) :-
உயரம்(_மலை1, _அளவு1),
உயரம்(_மலை2, _அளவு2),
_அளவு1 > _அளவு2.

பயப்படாதீங்க! ':-' என்றால் "எப்போது என்றால்". காற்புள்ளி என்றால் "அதோடு". அடிக்கோட்டில் தொடங்கும் பெயர்கள் காலிப் பாத்திரம் மாதிரி. எந்த மலையும் எந்த அளவும் அதில் வந்து உட்காரலாம். இரண்டு மலைகளின் உயரத்தையும் எடுத்து, முதல் அளவு பெரிசா இருந்தால் முதல் மலை உயர்ந்தது. அவ்வளவுதான்! நூறு மலை சேர்த்தாலும் இந்த ஒரே விதி போதும். உயர்ந்தது(ஆனைமுடி, தொட்டபெட்டா) என்று கேட்டால் "உண்மை" என்று பதில் வரும்.

இதில் நான் கவனித்த விஷயம் இரண்டு.

ஒன்று, வரிசை. '>' வரியைத் தூக்கி முதலில் போட்டால் புரோலாக் பிழை என்று சொல்லி நின்றுவிடும். அளவே கைக்கு வரவில்லை, எதை எதோட ஒப்பிட? இலை போடுவதற்கு முன்னாடி சாம்பார் ஊற்றுகிற கதைதான். ஆனால் மனுஷங்க அப்படி நிற்பதில்லை. முதலில் தீர்ப்பு, அப்புறம்தான் விவரம்!

இரண்டு, விட்டுப்போன உண்மை. உயர்ந்தது(எவரெஸ்ட், ஆனைமுடி) என்று கேட்டுப் பாருங்கள். "பொய்" என்று வரும்! எவரெஸ்ட் 8849 மீட்டர் ஆயிற்றே? விதியில் ஒரு குறையும் இல்லை. எவரெஸ்ட்டின் உயரத்தை நாம் எழுதித் தரவில்லை, அதனால் அதற்குத் தெரியாது. இப்படித் தெரியாததை அது பொய் என்றுதான் சொல்லும்.

இப்ப நம்ம கதைக்கு வருவோம். பத்தாம் வகுப்புக்குப் பிறகு யாரை மேலே படிக்க வைப்பது என்று பல வீடுகளில் பேச்சு வரும். அங்கே எழுதியிருப்பது ஒரே உண்மை: மார்க். காலையில் தண்ணி எடுத்து, பாத்திரம் கழுவி, தம்பியைக் கிளப்பிவிட்டு, அப்புறம் புத்தகத்தைத் தொடும் பெண்ணின் படிக்கும் நேரம் எவ்வளவு? அது எந்த அட்டையிலும் இல்லை. எழுதாததால் அது இல்லை என்று ஆகிவிடுமா? அந்த ஒரு வரி விட்டுப்போனதால் ஒருத்தியின் படிப்பே நின்றுபோகலாம்.

"மனுஷங்களும் மலையும் ஒண்ணா?" என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வி. மலைக்கு ஒரு எண் போதும், மனுஷங்களுக்குப் போதாது. அப்படியென்றால் இன்னும் நிறைய உண்மைகளை எழுதணும், இல்லையா?

அதனால் என் கருத்து இது. கம்ப்யூட்டர் வகுப்பில் படம் வரைவதோடும் டைப் அடிப்பதோடும் நிறுத்தாமல் இதையும் சொல்லித் தரலாம். கம்ப்யூட்டர் முறை வரும்வரை நோட்டிலேயே உண்மைகளையும் விதியையும் எழுதிப் பழகலாம், காசு செலவில்லை. எங்களை ஒப்பிடும் பெரியவர்களும் எந்த உண்மைகளை வைத்து, எந்த விதிப்படி என்று முதலில் சொல்லட்டும். விதி தெரிந்தால், விட்டுப்போனதை நாங்களே எடுத்துச் சொல்வோம்.

கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய்!



இப்படிக்கு,
ஒன்பதாம் வகுப்பு மாணவி