பரிசோதனை அறையில் எந்த ஒலி?

சிறுநீர்ப்பை அழுத்தப் பரிசோதனைக்கு வருவோரை வலியைக் காட்டிலும் கூச்சமே பெரிதும் வருத்துகிறது. மெல்லிய குழாய் வழியே சிறுநீர்ப்பையில் உப்புநீர் மெதுவாக நிரப்பப்படும். இடையே இருமச் சொல்வர். அவசரம் எப்போது தோன்றுகிறது எனக் கேட்பர். இறுதியில், பணியாளர் அருகிருக்கவே சிறுநீர் கழிக்க வேண்டும். வெள்ளானூர், ஆவடிப் பகுதி வீடுகளில் வாழும் நம் பெரியவர்களுக்கு இது எளிதன்று. கூச்சத்தால் பரிசோதனையைத் தள்ளிப்போட்டு, சிறுநீர்க் கசிவுக்கு அஞ்சித் திருமண வீட்டுக்கும் பேருந்துப் பயணத்துக்கும் செல்லாமல் ஒடுங்கிவிடுவோரும் உளர்.

அச்சம் மிகும்போது இடுப்புத்தளத் தசைகள் இறுகிச் சிறுநீர் தடைபடக்கூடும். பதிவாகும் அளவு நோயைக் காட்டுகிறதா, அச்சத்தைக் காட்டுகிறதா எனப் பிரித்தறிவது அப்போது கடினமாகும். ஆகவே, இங்கே மன அமைதி ஆடம்பரமன்று. சரியான முடிவுக்கு அது துணை.

இதற்கு இசை உதவுமா? சிறுநீர்ப்பையின் உட்புறத்தைக் கருவியால் காணும் சிஸ்டோஸ்கோபியின்போது இசை கேட்டவர்களுக்குப் பதற்றமும் வலியும் குறைந்தன எனக் கொரிய மருத்துவர்கள் 2013-இல் வெளியிட்ட ஆய்வு கூறுகிறது. எல்லா ஆய்வுகளும் அவ்வாறே முடியவில்லை. எனினும், செலவில்லாத இவ்வழியை மறுக்கக் காரணமில்லை என்பதே என் கருத்து.

ஆனால், ஒலியைத் தேர்வதில் கவனம் தேவை. அமைதிக்கென்று கைப்பேசியில் தேடினால் மழையும் அருவியும் கடலலையுமே முதலில் வருகின்றன. குழந்தையைச் சிறுநீர் கழிக்கவைக்கத் தாய்மார் 'ஸ்ஸ்' என ஒலியெழுப்புவதை எண்ணிப் பாருங்கள். அவசரத்தைத் தூண்டிப் பார்க்க, குழாய்நீர் ஓடும் ஓசையை மருத்துவர்களே இப்பரிசோதனையில் பயன்படுத்துவதுண்டு. நாமாக நீரொலியை ஒலிக்கவிட்டால் முடிவு குழம்பலாம். அதை அவர்களிடமே விட்டுவிடுவோம்.

நீலாம்பரித் தாலாட்டோ, நாகசுவரமோ, வீட்டில் நாள்தோறும் கேட்கும் பக்திப்பாடலோ, நோயாளி விரும்புவதே ஒலிக்கட்டும். உடன்வருவோர் தம் விருப்பத்தைத் திணிக்க வேண்டா. சிலருக்கு நிசப்தமே ஆறுதல். கைப்பேசிக்கு முன்னரே அனுமதி பெறுங்கள். பணியாளரின் கேள்வி காதில் விழும் அளவுக்கு ஒலியைத் தாழ்த்தி வையுங்கள்.

பணியாளர்களுக்கும் ஒரு வேண்டுகோள். "இப்போது நீர் நிரப்பப் போகிறேன், அம்மா" என்று ஒவ்வொரு படியையும் முன்கூட்டியே சொல்லும் கனிந்த குரல், எந்த இசைக்கும் குறைந்ததன்று.