டிகோடர் சாகவில்லை, நீங்கள்தான் அதைத் தவறாகப் படித்தீர்கள்

மாதிரி ரயில் ஆர்வலர்களிடையே ஒரு தீர்ப்பு மிக மலிவாக வழங்கப்படுகிறது: "டிகோடர் போய்விட்டது, வேறு வாங்குங்கள்." சற்றே இரக்கமுள்ளவர்கள், "சி.வி. 8-இல் 8 என்று எழுதி ரீசெட் செய்யுங்கள்" என்பார்கள். இரண்டையும் நான் எதிர்க்கிறேன். விலை, சுங்கம், அஞ்சல் கட்டணம் எல்லாம் கொடுத்து வெளிநாட்டிலிருந்து வரவழைக்கும் பொருள் அது. உதவித்தொகையில் காலம் தள்ளும் ஆய்வு மாணவனுக்கு இந்த அலட்சியம் பல மாதச் சேமிப்பைத் தின்றுவிடும்.

என் கதையையே சொல்கிறேன். எஞ்சினுக்கு நான்கு இலக்க முகவரி கொடுக்க விரும்பினேன். மூத்த ஆர்வலர் ஒருவர், "சி.வி. 29-இல் 32 எழுது" என்றார், எழுதினேன். எஞ்சின் ஓடியது. ஆனால் முகப்பு விளக்குக்குப் பித்துப் பிடித்தது. வேகத்தை ஒரு படி கூட்டினால் எரியும். அடுத்த படியில் அணையும். அதற்கடுத்ததில் மீண்டும் எரியும். அதே ஆர்வலர் டிகோடர் எரிந்துவிட்டதென்று முடிவு கட்டினார். நானும் நம்பிப் புதிதாக ஒன்று வாங்கினேன்.

எரிந்தது எதுவுமில்லை. டி.சி.சி. முறையில் தண்டவாளத்தின் வழியே மின்சாரத்தோடு கட்டளையும் செல்கிறது. அதைப் படிப்பது டிகோடரின் வேலை. வேகக் கட்டளையில் திசைக்கு ஒரு பிட் போக, ஐந்து பிட்டுகள் எஞ்சுகின்றன. பழைய 14 படி இலக்கணத்தில் நான்கு பிட்டுகள் வேகத்துக்கு. ஐந்தாவது முகப்பு விளக்குக்கு. 28 படி இலக்கணத்தில் அந்த ஐந்தாவது பிட்டும் வேகத்துக்கே உரியது. விளக்குக்குத் தனிக் கட்டளை உண்டு. என் கன்ட்ரோலர் 28 படியில் பேசியது. டிகோடர் 14 படியில் கேட்டது. வேகத்தின் கடைசிப் பிட் படிக்குப் படி 0, 1 என மாறும்போதெல்லாம் டிகோடர் அதை "அணை", "எரி" என்று பணிவுடன் படித்தது.

மலையாளி ஒருவர் "வெள்ளம்" என்று கேட்கிறார். அவருக்கு வேண்டியது குடிநீர். தமிழர் ஆற்றுப்பெருக்கை நினைத்துத் திகைக்கிறார். இதற்காக யாருடைய காதையும் அறுவைக்கு அனுப்புவதில்லையே!

பிழையை விளைத்தது அந்த 32 என்னும் மந்திர எண்தான். சி.வி. 29 ஒற்றை மதிப்பு அன்று, பல ஆம்-இல்லை விடைகளின் கூட்டுத்தொகை. 28 படிக்கு 2, சாதாரண நேர்மின்சாரத்திலும் ஓடுவதற்கு 4, நீண்ட முகவரிக்கு 32. வெறும் 32 எழுதியபோது மற்ற இரண்டுக்கும் "இல்லை" என்று விடையளித்துவிட்டேன். எழுதியிருக்க வேண்டியது 38. இதை விளக்க இரண்டு நிமிடம் போதும். அந்த இரண்டு நிமிடத்தை மிச்சப்படுத்தி எண்ணை மட்டும் வீசுவதற்குப் பெயர் உதவியா?

"புரோகிராமிங் தடத்தில் பதில் வரவில்லை, ஆகவே செத்துவிட்டது" என்பதும் இதே இனத்தைச் சேர்ந்த அவசரம். அந்தத் தடத்தில் டிகோடர் பேசுவதில்லை, தலையசைக்கிறது: சுமார் 6 மில்லி நொடிக்கு 60 மில்லி ஆம்பியராவது கூடுதலாக இழுத்துக் காட்டுகிறது. பெரும்பாலும் மோட்டாரைச் சற்று உலுக்கியே அதைச் செய்கிறது. மோட்டாரே இல்லாத பெட்டியில், இரண்டு எல்.ஈ.டி. மட்டும் பூட்டிய விளக்கு டிகோடர் எதைக் கொண்டு தலையசைக்கும்? எழுதிய மதிப்பு பதிந்தே இருக்கலாம். தற்காலிகமாக ஒரு மின்தடையைச் சுமையாக இணைத்துப் பாருங்கள்.

ரீசெட் வேண்டவே வேண்டாமென்று நான் சொல்லவில்லை. முகவரி, வேக வளைவு, விளக்கு ஒதுக்கீடு அனைத்தையும் அது துடைத்துவிடும். எதனால் பழுது வந்தது என்ற தடயமும் அதோடு போய்விடும். ஓர் எழுத்துப்பிழைக்காக எவரும் கையெழுத்துப்படியை எரிப்பதில்லை.

உண்மையான மின்பழுதுகளும் உண்டு. மின்தடையின்றி இணைத்த எல்.ஈ.டி. கருகும். நீலக் கம்பி பொது நேர்முனை என்பதை மறந்து திருப்பி இணைத்தால் எரியாது. ஆனால் அவற்றின் அறிகுறி வேறு: எந்தப் படியிலும் விளக்கு வராது. வேகத்தோடு சேர்ந்து கண்சிமிட்டும் விளக்கைப் பார்த்தும் சால்டரிங் கோலைத் தேடுபவரிடம் நான் கேட்பது ஒன்றே: கன்ட்ரோலரில் எத்தனை படி வைத்திருக்கிறீர்கள் என்று ஏன் முதலில் கேட்கவில்லை?

38 எழுதிய நாள் முதல் என் எஞ்சினின் விளக்கு நிலையாக எரிகிறது. புதிய டிகோடர் உறை பிரிக்கப்படாமல் விடுதி மேசையின் இழுப்பறையில் கிடக்கிறது. திருப்பி எடுத்துக்கொள்ள மாட்டார்களாம்.