படம் எடுங்க, கூட்டை விடுங்க

சனி, ஞாயிறு ஆனால் நீளமான லென்ஸோடு வரப்பில் நடக்கிறவர்களை இப்போ நிறையப் பார்க்கிறோம். ஒரே இடத்தில் சிறகடித்து நின்று எலியைக் குறிபார்க்கும் கருந்தோள் பருந்து, பனிக்காலத்தில் மத்திய ஆசியாவிலிருந்து வந்து வெட்டுக்கிளி தின்னும் பூனைப்பருந்து, இவற்றைத் தேடித்தான் வருகிறார்கள். வரட்டும். விஷம் வைத்த எலியைத் தின்றால் கூகையும் சாகும். விஷம் வைக்காத நம்ம வயல்தான் அவற்றுக்குப் பாதுகாப்பு.

ஆனால் ஒரு படத்துக்காகக் கூட்டை மறைக்கும் கிளையை ஒடிப்பதும், எலியைக் கட்டிவைத்துப் பருந்தை இறக்குவதும் கூடவே கூடாது. மறைப்பு போனால் குஞ்சு வெயிலில் வாடும், காக்கை கொத்தும். கூட்டைக் கலைப்பதை 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையாகவே கருதுகிறது.

இதை நிலத்துக்காரங்க நாமதான் சொல்லணும்: கேக்காம உள்ளே வராதீங்க, கூட்டுப் பக்கம் போகாதீங்க, கூடு இருக்கிற இடத்தை வெளியே சொல்லாதீங்க. கூடவே வயலில் நாலு பறவைத்தாங்கி நடுவோம். பகலில் கரிச்சானும் பருந்தும், இரவில் ஆந்தையும் உட்காரும். அவங்களுக்குப் படம், நமக்கு எலியும் புழுவும் குறையும். படத்தில் ஒரு பிரதியைத் தேதியோடு கேட்டு வாங்கி வைங்க. எந்த மாசம் எந்தப் பறவை நம்ம வயலுக்கு வேலைக்கு வருதுன்னு அதுவே கணக்குச் சொல்லும்.