ஸ்மித் ஒரு சாதி அல்ல

"வெள்ளைக்காரனிடமும் சாதி இருந்தது. ஸ்மித் என்றால் கொல்லன், டெய்லர் என்றால் தையற்காரன், பாட்டர் என்றால் குயவன். நம்மை மட்டும் ஏன் குறை சொல்கிறீர்கள்?" பல்கலைக்கழகத் தேநீர்க் கடையில் இதை நான் கேட்காத மாதமே இல்லை. சொல்பவர்கள் பாமரர்கள் அல்ல, ஆய்வு மாணவர்கள்.

சரி, வெள்ளைக்காரனின் ஏட்டையே திறப்போம். ஒவ்வொரு ஊர்த் தேவாலயமும் ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் மூன்றையும் வாரந்தோறும் எழுதிவைக்க வேண்டும் என்று 1538-இல் எட்டாம் ஹென்றியின் அமைச்சர் தாமஸ் குரோம்வெல் ஆணையிட்டார். இந்தப் பதிவேடுகள் மிஞ்சிய ஊர்களில் கூலிக்காரக் குடும்பங்களையும் தலைமுறைக் கணக்கில் பின்தொடர முடிகிறது.

எல்லோருக்கும் தெரிந்த ஒரு கிராமத்துக் குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். ஸ்னிட்டர்ஃபீல்டில் ரிச்சர்ட் ஷேக்ஸ்பியர் என்றொரு குத்தகை விவசாயி. மகன் ஜான் பக்கத்திலிருந்த ஸ்ட்ராட்ஃபோர்டுக்குப் போய்க் கையுறை செய்து விற்றார். 1568-இல் அந்நகரின் தலைவரும் ஆனார். அவருடைய மகன் வில்லியமின் ஞானஸ்நானப் பதிவு 1564 ஏப்ரல் 26. 1616 ஏப்ரல் 25 அடக்கப் பதிவில் அதே வில்லியமின் பெயரோடு 'கனவான்' என்ற அடைமொழி ஒட்டியிருக்கிறது. தாத்தா உழவர், அப்பா கையுறைக்காரர், பேரன் நாடகக்காரர். ஷேக்ஸ்பியர் என்ற பெயரைப் பிரித்தால் ஈட்டியை ஆட்டுபவர் என்று வரும். மூவரில் யாரும் ஈட்டி பிடித்துப் பிழைக்கவில்லை.

இன்னொன்றும் உண்டு. ரிச்சர்ட் குத்தகைக்கு உழுத நிலம் ராபர்ட் ஆர்டனுடையது. அந்த ஆர்டனின் கடைசி மகள் மேரியைத்தான் ஜான் மணந்தார். நிலக்காரர் மகள், குத்தகைக்காரர் மகன். அவர்களுடைய பிள்ளைகளின் பெயர்கள் ஊர்ப் பிள்ளைகளோடு ஒரே ஏட்டில் ஏறின. ஜானின் உடலை யாரும் தண்டவாளத்தில் கொண்டுபோய்ப் போடவில்லை.

1813 முதல் அச்சடித்த படிவம் வந்தது. ஞானஸ்நானப் பதிவில் தகப்பனின் தொழிலுக்கென்று தனிக் கட்டம். குடும்பப்பெயரே தொழிலைச் சொல்லிவிடும் என்றால் அந்தக் கட்டம் எதற்கு ஐயா? ஸ்மித்துக்கு நேரே 'கூலி' என்று எழுதத்தான்.

இங்கிலாந்து சொர்க்கமாக இருந்தது என்று நான் சொல்லவில்லை. திருமணத்துக்கு வெளியே பிறந்த குழந்தையை 'இழிபிறப்பு' என்று எழுதிய அதே பேனாதான் இதையும் எழுதியது. ஊர் நிதியில் உதவி வாங்கிய ஏழை, வலது தோளில் 'பி' என்ற எழுத்தைத் துணியில் தைத்துக்கொள்ள வேண்டும் என்று 1697-இல் சட்டமே போட்டார்கள். செத்த பிறகும் பணம் பேசியது: 440 பவுன் கொடுத்துத் தசமபாக வருவாயில் பங்கு வாங்கியிருந்த ஷேக்ஸ்பியருக்குப் பீடத்தின் அருகே கல்லறை, ஏழைகளுக்கு வெளியே புல்தரை. இது வர்க்கக் கொடுமை, அப்படியே பெயர் சொல்லித் திட்டுவோம். ஆனால் சாதி வேலையை மட்டுமல்ல, வேலை செய்பவர்களையே பிரித்து அடுக்குகிறது என்று அம்பேத்கர் 1936-லேயே விளக்கிவிட்டார். அதைப் படிக்காமல் ஸ்மித்தைத் துணைக்கு அழைப்பது சோம்பேறித்தனம். பல நேரங்களில் சோம்பேறித்தனம்கூட இல்லை, தந்திரம்.

அங்கே தொழிற்பெயர் நிலைத்தது, தொழில் கலைந்தது. தமிழ்நாட்டில் பெயருக்குப் பின்னால் சாதியைப் போடுவதைப் பெரும்பாலும் விட்டுவிட்டோம். ஆனாலும் வாடகைக்கு வீடு கேட்டால் முதலில் ஊரைக் கேட்கிறார்கள், பிறகு ஊரில் எந்தத் தெரு என்று கேட்கிறார்கள்.

ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் என்ற அதே மூன்று ஏடுகள் இங்குள்ள தேவாலயங்களிலும் உண்டு. சபை வேறாக இருக்கலாம், ஏடு ஒன்றுதான். அப்படியும் திருச்சி மேலப்புதூர் கல்லறைத் தோட்டத்தில் தலித் கிறிஸ்தவர்களின் கல்லறைகளைப் பிரிக்கச் சுவர் எழுப்பினார்கள். அடுத்த முறை "ஸ்மித் என்றால்..." என்று ஆரம்பிக்கும் நண்பரை அங்கே கூட்டிப்போவதாக இருக்கிறேன். பேருந்துக் கட்டணம் என்னுடையது.