நீச்சலும் மூச்சும்

பந்தாட்ட வெளியில் ஒரு மணி நேரம் ஓடியும் சோராத இளைஞர் பலர், நீச்சற்குளத்தில் 25 மீட்டர் சென்று மறுமுனையைப் பற்றியவுடன், மார்பு படபடக்க வாய் திறந்து நிற்பதை யாம் கண்டிருக்கின்றோம். "எமக்கு வலிமை போதாது; நீச்சல் வாய்க்காது" என்று கரையேறிப் பின்னர் அப்பக்கம் திரும்பாதாரும் உளர். அவர் கொண்ட முடிபு பிழையென்பதும், குறை கையிலும் காலிலும் இல்லை, தலையை வைக்கும் நிலையிலும் மூச்சிலுமே உள்ளதென்பதும் எமது கருத்து.

நீர் காற்றினும் ஏறத்தாழ 800 மடங்கு அடர்த்தியுடையது. ஆதலின் நீரில் விரைவைத் தருவது வலிமை மட்டுமன்று. தடையைக் குறைத்தலே முதன்மையானது. காற்று நிறைந்த நுரையீரல் உள்ள மார்பு மிதக்கும்; எலும்பும் தசையும் மிக்க கால்கள் தாழும். உடல் ஒரு துலாக்கோலை ஒத்தது. தலையை உயர்த்தினால் இடுப்பும் காலும் அமிழ, உடல் சாய்ந்து நீரை உழுதுகொண்டு செல்லும். முகத்தை நீரில் வைத்து, பார்வையைக் குளத்தின் அடித்தளத்திற் செலுத்தி, கழுத்தை இறுக்காது நெடுகக் கிடப்பின் இடுப்பு எளிதில் மேலெழும்.

கிணற்றிலும் ஏரியிலும் தலை நிமிர்த்தி நீந்தும் நம் நாட்டார் வழக்கத்தை யாம் இகழ்வேமல்லேம். எதிர்வருவதைக் காணவேண்டிய இடத்தில் அது தக்கதே. 1922இல் 100 மீட்டரை ஒரு நிமிடத்திற்குள் முதன்முதல் நீந்திய ஜானி வைஸ்முல்லரும் தலையை உயர்த்தி நீந்தியவரே. ஆயினும் அவர்தம் கால்வலிமை எல்லார்க்கும் வாய்ப்பதன்று.

முகத்தை நீரில் வைக்கப் புதியோர் தயங்குவது மூச்சின் பொருட்டே. அவர் மூச்சை உள்ளே அடக்கிக்கொண்டு, முகம் வெளிப்பட்ட கணத்தில் விடுதல், வாங்குதல் ஆகிய இரண்டையும் செய்ய முயல்வர். அக்கணம் இரண்டிற்கும் போதாது. பழைய காற்று நீங்காத இடத்தில் புதியது புகுவது எங்ஙனம்? அப்போது உண்டாகும் திணறல் பெரிதும் கரியமிலவாயு மிகுதலால் வருவது. பிராணவாயு தீர்ந்ததால் அன்று. ஆகவே முகம் நீரிலுள்ளபோதே இடையறாது மூச்சை விட்டுக்கொண்டிருத்தல் வேண்டும். வாங்குங்கால் தலையைத் தூக்காமல், உடலோடு ஒருபுறமாகத் திருப்புக. முன்செல்லும் தலை நீரை விலக்குதலின் வாயருகே சிறு பள்ளம் தோன்றும். ஒரு கண் நீருள் இருக்கவே அவ்விடத்தில் மூச்சு வாங்கலாம்.

வலிமையினும் முறை பெரிது என்பதற்கு ஒரு சான்று கூறுவோம். கைகளை மாறிமாறி வீசும் 'கிரால்' முறையில், 1926ஆம் ஆண்டு கெர்ட்ரூட் எடர்லி என்னும் அமெரிக்க நங்கை ஆங்கிலக் கால்வாயை நீந்திக் கடந்தார். அவருக்குமுன் அதனைக் கடந்த ஆடவர் ஐவரினும் அவர் எடுத்துக்கொண்ட நேரம் குறைவு.

ஈண்டு ஓர் எச்சரிக்கையும் வேண்டும். நீருள் மூழ்கி நெடுந்தூரம் செல்வார் யார் என்று பந்தயமிட்டு, அதன்பொருட்டு முன்னரே பலமுறை விரைந்து மூச்சிழுத்து விடும் வழக்கம் இளைஞரிடை உண்டு. இதனாற் கரியமிலவாயு குறைய, மூச்சு வேண்டுமென உடல் தரும் அறிவிப்பும் காலந்தாழ்க்கும். அதற்குள் பிராணவாயு குறைந்து நினைவு தப்பும். நன்கு நீந்த வல்லாரே இவ்வாறு மாண்டுளர். இத்தகைய பந்தயத்தைத் தடுத்தல் ஆசிரியர் கடன்.

எனவே, பயிற்சியை விரைவில் தொடங்குதல் தகாது என்கின்றோம். முதல் வாரம் மார்பளவு நீரில் நின்று முகத்தை அமிழ்த்தி மூச்சு விடப் பழகுக. பின்னர்ச் சுவரைக் காலால் உந்தி அசையாது மிதந்து செல்க. அதன்பின் கைவீச்சைக் கற்க. மறுமுனை சேர்ந்தவுடன் திணறாமல் ஒரு வாக்கியம் பேச வல்லவனே தேறியவன். ஆண்டு விளையாட்டு விழாவில் முந்தியவனுக்குப் பரிசளிப்பதோடு, 400 மீட்டரைக் குறைந்த கைவீச்சில் அமைதியாக நீந்தியவனுக்கும் ஒரு பரிசு வைத்தல் நலம். வலிமை இல்லையென்று கரையேறிய நண்பர்கள் மீண்டும் நீரில் இறங்குவாராக; இம்முறை முதலில் மூச்சை விடக் கற்பாராக.